மாமாவோட ஹார்ட் டிஸ்க்கும் பேர் தொலைஞ்ச நெல்லு போட்டோவும்

ஐப்பசி கடைசில ஒரு நாள் சாயங்காலம், மழை விட்டு விட்டு பெய்யுது, மாமா போன் பண்ணாரு. "பாப்பா, அந்த கருப்பு டப்பா இருக்குல்ல, நெல்லு போட்டோ எல்லாம் போட்டு வச்சிருக்கறது, அது கம்ப்யூட்டர்ல தெரியவே மாட்டேங்குதும்மா, ரெண்டு நாளா சொருகி சொருகி எடுக்குறேன்"ன்னாரு. வயக்காட்டுல இந்த வரப்புலேர்ந்து அந்த வரப்புக்கு கேக்குற மாதிரி பேசுற ஆளு, அன்னைக்கு குரலே எழும்பல.

அந்த டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு தெரியும், அதான் எனக்கும் வயித்த பிசைஞ்சுச்சு. மாமாவுக்கு திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம். ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் நடத்துன நெல் திருவிழாவுக்கு போயி, அங்க குடுக்குற ரெண்டு கிலோ வெதநெல்ல வாங்கிட்டு வந்து போட்டு, அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பி குடுக்கணும்ங்கற அந்த முறைல ஆரம்பிச்சவரு. பூங்கார், காட்டுயானம், மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி, தூயமல்லின்னு வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டா போட்டு பாத்து, என்னைக்கு வெதச்சாரு, எத்தன நாள்ல தூர் கட்டுச்சு, எப்ப கதிர் வாங்குச்சு, மழைல சாஞ்சுச்சா நின்னுச்சான்னு எல்லாத்தையும் நோட்டு போட்டு எழுதிட்டு வந்தாரு. 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறுனப்ப அவங்க வீட்டு ஓடு பறந்து போயி அந்த நோட்டு பூரா ஊறி கூழாயிடுச்சு. 174 ரகத்த தேடி சேத்த ஜெயராமன் ஐயாவும் அடுத்த மூணு வாரத்துல, டிசம்பர் 6ம் தேதி போயிட்டாரு. மாமா அப்பறம் ரொம்ப நாள் யார்கிட்டயும் சரியா பேசல.

அதுக்கப்பறம் தான் எல்லாத்தையும் போட்டோவா எடுத்து கம்ப்யூட்டர்ல வைக்கலாம்னு முடிவு பண்ணி, ஒரு 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒவ்வொரு நெல்லுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு, நாத்துலேர்ந்து அறுப்பு வரைக்கும் எடுத்து எடுத்து சேத்தாரு. பட்டா, சிட்டா, பத்திரம் எல்லாம் ஸ்கேன் பண்ணதும் அதுல தான். ஒரே ஒரு காப்பி.

"கடைல காட்டுனீங்களா மாமா"ன்னு கேட்டேன். காட்டிருக்காரு. அங்க இருந்த பையன் சொருகிப் பாத்துட்டு, ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது சார், ஃபார்மேட் அடிச்சா சரியாயிடும், 300 ரூபா ஆகும்னு சொல்லிருக்கான். ஃபார்மேட்னா பழசு இருக்கற டிஸ்க்க காலி டிஸ்க்கா புதுசாக்கறது. மாமா "எதுக்கும் பாப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்"ன்னு வாங்கிட்டு வந்துட்டாரு. அந்த ஒரு வார்த்த தான் எல்லாத்தையும் காப்பாத்துச்சு. "இனிமே அத எதுலயும் சொருகாதீங்க, ஞாயித்துக்கெழம வரேன், அந்த கேபிளயும் எடுத்து பத்திரமா வைங்க"ன்னு சொல்லிட்டு போன வச்சேன்.

நான் மன்னார்குடில ஒரு காலேஜ் கம்ப்யூட்டர் லேப்ல 11 வருஷமா வேலை பாக்குறேன். தெனமும் ரெண்டு மூணு புள்ளைங்களாவது பென் டிரைவ எடுத்துட்டு வந்து "மேம், சிஸ்டம்ல ஷோ ஆகல"ன்னு நிக்கும். இத்தன வருஷத்துல நான் பாத்த வரைக்கும் சொல்றேன், கம்ப்யூட்டருக்கு தெரியலங்கறதும் உள்ள இருக்கறது போச்சுங்கறதும் ரெண்டும் வேற வேற. பாதி நேரம் உள்ள இருக்கறது அப்படியே தான் இருக்கும், அத எடுக்குறதுக்கு முன்னாடி நம்ம அவசரப்பட்டு குடுக்குற ஒரு யெஸ் தான் அத அழிக்கும். எனக்கே இது நடந்துருக்கு. என் தங்கச்சி வளைகாப்பு போட்டோ இருந்த மெமரி கார்டுக்கு ஃபார்மேட் கேட்டப்ப யெஸ் குடுத்துட்டு, அதுவும் பத்தாதுன்னு அதே கார்டுல புதுசா போட்டோவும் எடுத்துட்டேன். பழசுல முக்காவாசி திரும்ப வரவே இல்ல. எங்க அம்மாச்சி கடைசியா எல்லாரோடயும் உக்காந்து எடுத்த போட்டோ அதுல தான் இருந்துச்சு. அதனால தான் இத இவ்ளோ நீளமா எழுதுறேன்.

மாமா சொன்னதுல ஒரு விஷயம் எனக்கு போன்லயே உறுத்துச்சு. வீட்ல சொருகுனா ஒண்ணுமே வரல, சத்தமும் இல்ல, ஐகானும் இல்ல. கடைல சொருகுனா ஃபார்மேட் கேட்டுருக்கு. அப்ப கடைல கம்ப்யூட்டர் அந்த டிஸ்க்க பாத்துருக்கு, வீட்ல பாக்கவே இல்ல. இது ஒரே கோளாறு கெடையாது, ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு கோளாறு. இத பிரிச்சு பாக்காம மொத்தமா "டிஸ்க் போச்சு"ன்னு சொல்றது தான் எல்லாரும் பண்றது.

ஞாயித்துக்கெழம காலைல லேப்டாப், ரெண்டு கேபிள், விண்டோஸுக்கு பதிலா ஓடுற உபுண்டுங்கற இலவச சிஸ்டம் போட்ட ஒரு பென் டிரைவ், புதுசா வாங்குன 2 டிபி டிஸ்க் எல்லாத்தையும் பையில போட்டுட்டு பஸ் ஏறுனேன். ரெண்டு பக்கமும் சம்பா பச்சையா நிக்குது, நடுவுல நடுவுல தண்ணி வடியாத வயலு. அத்தை வாசல்லயே நின்னுச்சு, "காப்பி குடிச்சுட்டு பாரும்மா, ரெண்டு நாளா மனுசன் சரியா சாப்புடல"ன்னு.

மொதல்ல கம்ப்யூட்டர் ஸ்கிரீன் பக்கமே பாக்கல. டிஸ்க்க சொருகி கையில வச்சு பாத்தேன். இது எல்லாரும் பண்ணலாம், காசா பணமா. உள்ள தட்டு சுத்துற டிஸ்க்கா இருந்தா லேசா ஒரு அதிர்வு கையில தெரியும், காதுகிட்ட வச்சா மெல்லிசா ஒரு ஊங்குற சத்தம் கேக்கும், லைட்டு எரியும். சத்தம் சீரா இருந்தா நல்ல சேதி. அதுவே டிக், டிக், டிக்னு ஒரே தாளத்துல அடிச்சுட்டு நின்னு நின்னு திரும்ப அடிச்சா உள்ள படிக்கிற ஹெட்டு அடிபட்டுருக்குன்னு வச்சுக்கலாம், அந்த நிமிஷமே பிடுங்கிடணும். ஏன்னா அந்த ஹெட்டு தட்டுக்கு மேல நானோமீட்டர் கணக்குல தான் மெதக்குது, அடிபட்ட ஹெட்ட வச்சுக்கிட்டு திரும்ப திரும்ப ஓட்டுனா தட்டையே சொரண்டிடும், அதுல எழுதிருக்கறது தூளா போயிடும். அந்த நெலமைல எந்த சாஃப்ட்வேரும் உதவாது, தூசி இல்லாத ரூம்ல வச்சு பிரிச்சு சரி பண்ற ஆளுங்ககிட்ட தான் அனுப்பணும், பல ஆயிரம் கேப்பாங்க, அது உள்ள இருக்கறது எவ்ளோ முக்கியம்ங்கறத பொறுத்தது. பீப் பீப்னு சன்னமா கத்துனா மோட்டார் சுத்த முடியாம தவிக்குதுன்னு அர்த்தம், கரண்டு பத்தலன்னாலும் அப்படி கத்தும், ஹெட்டு தட்டுல ஒட்டிக்கிட்டாலும் கத்தும். ஃப்ரிட்ஜ்ல வச்சா சரியாகும்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, வெளிய எடுத்தோன்ன உள்ள தண்ணி முத்து முத்தா கோக்கும். மழைல நனைஞ்சுடுச்சுன்னு அரிசிக்குள்ள பொதச்சு வைக்கிறதும் வேண்டாம், நனைஞ்ச டிஸ்க்குக்கு கரண்டே குடுக்காம அப்படியே கொண்டு போறது தான் சரி.

மாமா டிஸ்க்குல லைட்டு ஒரு தடவ மினுக்குது, அணையுது, திரும்ப மினுக்குது. கேபிள லேசா அமுக்கிப் புடிச்சா நிக்குது. விட்டா போயிடுது. இந்த மாதிரி டிஸ்க்குக்கு வர்ற அகலமான தட்டை முனை கேபிள் இருக்கு பாருங்க, ரெண்டு துண்டா ஒட்டுன மாதிரி இருக்கும், அது சீக்கிரம் லூசாகும், அதுவும் மாமா டிஸ்க்க கம்ப்யூட்டர் பக்கவாட்டுல தொங்க விட்டே வருஷக்கணக்கா வச்சிருந்தாரு. முனைய டார்ச் அடிச்சு பாத்தா பச்சையா லேசா களிம்பு. வேதாரண்யம் உப்பளத்துலேர்ந்து வர்ற காத்தும் கார்த்திகை மழை ஈரமும் சேந்து நம்ம பக்கம் எல்லா கனெக்டரையும் இப்படித்தான் பண்ணும், டிவி கேபிள் முனைய பாத்தீங்கன்னாலும் தெரியும். நான் கொண்டு போன கேபிள மாத்துனேன், லைட்டு நின்னு எரிஞ்சுச்சு, டிஸ்க் சுத்துற சத்தம் சீரா கேட்டுச்சு. மாமா முகத்துல அப்பவே பாதி உயிர் வந்துடுச்சு. முதல் கோளாறு அவ்ளோ தான், ஒரு கேபிள்.

இங்க கரண்டு பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா நெறைய பேர் இத கண்டுக்கறதே இல்ல. பழைய யூஎஸ்பி 2 போர்ட்டுல 500 மில்லிஆம்ப் தான் குடுக்கணும்னு கணக்கு, உள்ள நீலமா இருக்குற யூஎஸ்பி 3 போர்ட்டுல 900. தட்டு சுத்துற டிஸ்க் கெளம்புற அந்த ஒரு ரெண்டு செகண்டுல தான் அதிகமா இழுக்கும், போர் மோட்டார் கெளம்பறப்ப லைட்டு மங்குதுல்ல, அதே கதை தான். டெஸ்க்டாப்போட முன்பக்க போர்ட்டு உள்ள நீளமா ஒரு மெல்லிசு வயர் வழியா மதர்போர்டுக்கு போகுது, பின்பக்க போர்ட்டு நேரா மதர்போர்டுலயே இருக்கு. அதனால எப்பவும் பின்பக்கம் சொருகி பாருங்க. ஒரு யூஎஸ்பி ஹப்புல கீபோர்டு, மவுஸ், பிரிண்டர்னு நாலு மாட்டி அதுலயே டிஸ்க்கையும் மாட்டுனா அது தவிக்கத்தான் செய்யும். பெரிய சைஸ் டிஸ்க்கா இருந்தா அதுக்கு தனியா 12 வோல்ட் அடாப்டர் வேணும், அந்த அடாப்டர் செத்துருந்தாலும் டிஸ்க் செத்த மாதிரியே தான் இருக்கும். போன் சார்ஜர் கேபிள எடுத்து சொருகிட்டு தெரியலன்னு சொல்றவங்களும் உண்டு, சில சார்ஜர் கேபிள்ல டேட்டா போற கம்பியே இருக்காது.

சரி, லைட்டு எரியுது, சத்தம் வருது, ஆனா மை கம்ப்யூட்டர்ல டிரைவ் இல்ல. இந்த எடத்துல தான் நெறைய பேர் கைய விட்டுடுவாங்க. மை கம்ப்யூட்டர் மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, அது கடைசி வாசல். ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணா டிவைஸ் மேனேஜர்னும் டிஸ்க் மேனேஜ்மென்ட்னும் ரெண்டு இருக்கும், அந்த ரெண்டுலயும் போயி பாக்கணும். டிவைஸ் மேனேஜர்ல "அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்"னு வந்து கோட் 43ன்னு போட்டுருந்தா, கம்ப்யூட்டருக்கு ஏதோ ஒண்ணு சொருகிருக்குன்னு தெரியுது, நீ யாருன்னு கேட்டா அது பதில் சொல்லல, அவ்ளோ தான். திரும்ப கேபிள், போர்ட்டு, இல்ல டிஸ்க் டப்பாக்குள்ள இருக்குற சின்ன போர்டு, இந்த மூணுல ஒண்ணு. அந்த என்ட்ரிய ரைட் கிளிக் பண்ணி அன்இன்ஸ்டால் குடுத்துட்டு கம்ப்யூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலே சில சமயம் சரியாகும், இதனால டிஸ்க்குல இருக்கற எதுவும் அழியாது, பயப்படாதீங்க.

டிஸ்க் மேனேஜ்மென்ட்ல டிஸ்க் தெரியுது, ஹெல்தின்னு போட்டுருக்கு, ஆனா பேருக்கு பக்கத்துல ஈ, எஃப்னு எழுத்து மட்டும் இல்லன்னா சந்தோஷப்படுங்க. ரைட் கிளிக், சேஞ்ச் டிரைவ் லெட்டர், ஒரு எழுத்து குடுங்க, முடிஞ்சுது. எங்க லேப்ல பாதி கேஸ் இப்படித்தான், நெட்வொர்க் டிரைவ் ஒண்ணு அதே எழுத்த புடிச்சு வச்சிருக்கும். ஆஃப்லைன்னு இருந்தா ரைட் கிளிக் பண்ணி ஆன்லைன் குடுத்தா போதும். ஆனா "நாட் இனிஷியலைஸ்டு"ன்னு சொல்லி இனிஷியலைஸ் பண்ணவான்னு ஒரு பெட்டி வந்தா அத கேன்சல் பண்ணிடுங்க. அது புது டிஸ்க்குக்கு உள்ள வேலை, பழைய டிஸ்க்குக்கு அத பண்ணா டிஸ்க்க பிரிச்சு வச்ச எந்த பகுதி (பார்ட்டிஷன்) எங்க ஆரம்பிக்குதுன்னு எழுதி வச்ச பக்கத்துக்கு மேலயே புதுசா எழுதிடும்.

அப்பறம் இன்னொரு வகை, டிஸ்க்குல ஒரு கோளாறும் இருக்காது, விண்டோஸுக்கு அந்த பாஷை தெரியாது. ஆப்பிள் மேக் கம்ப்யூட்டருக்குன்னே உள்ள முறைல ஃபார்மேட் பண்ண டிஸ்க்க விண்டோஸ் தானா படிக்காது. டிவிலயோ செட்டாப் பாக்ஸ்லயோ ரெக்கார்ட் பண்றதுக்காக மாட்டிட்டு அது கேட்டதுக்கு ஓகே குடுத்தீங்கன்னா அது தனக்கு புடிச்ச மாதிரி ஃபார்மேட் பண்ணிக்கும், உங்க பழைய ஃபைல் எல்லாம் அப்பவே போச்சு. கல்யாண வீடியோ இருக்குற டிஸ்க்க டிவில போட்டு பாக்குறவங்க இத மட்டும் தயவு செஞ்சு மனசுல வைங்க, டிவி என்ன கேட்டாலும் நோ.

மாமா டிஸ்க்க என் லேப்டாப்ல மாட்டுனப்ப அந்த பெட்டி வந்துச்சு, டிரைவ பயன்படுத்தணும்னா முதல்ல ஃபார்மேட் பண்ணணும், பண்ணவான்னு. மாமா பின்னாடி நின்னு "பாப்பா, பாத்து"ன்னாரு. கேன்சல் குடுத்துட்டு டிஸ்க் மேனேஜ்மென்ட்ல பாத்தா 931 ஜிபி, ராவ்னு போட்டுருந்துச்சு. (1 டிபி வாங்குனா 931 தான் காட்டும், கடைக்காரர் ஏமாத்தல, கம்பெனி 1000ஆல எண்ணுது, விண்டோஸ் 1024ஆல எண்ணுது.) ராவ்னா டிஸ்க் இருக்கு, அளவு சரியா இருக்கு, ஆனா எந்த ஃபைல் எங்கன்னு சொல்ற அட்டவணை படிக்க முடியல. பொஸ்தகம் முழுசா இருக்கு, பொருளடக்கம் கிழிஞ்சு போச்சுன்னு மாமாகிட்ட சொன்னேன், புரிஞ்சுக்கிட்டாரு.

"கடைசியா என்ன பண்ணிட்டு இருந்தீங்க மாமா?" கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, போட்டோ காப்பி ஆயிட்டு இருந்தப்ப கரண்டு போச்சுன்னாரு. அதே தான். அந்த டிஸ்க்க எக்ஸ்ஃபேட்ங்கற முறைல ஃபார்மேட் பண்ணிருந்துச்சு, பெங்களூர்ல இருக்குற அவங்க பையன் மேக்லயும் பாக்கணும்னு. எக்ஸ்ஃபேட் விண்டோஸ், மேக் ரெண்டுலயும் படிக்கும், அது அதோட நல்ல குணம், ஆனா விண்டோஸோட சொந்த முறையான என்டிஎஃப்எஸ்ல இருக்குற மாதிரி நான் இப்ப என்ன மாத்தப் போறேன்னு முன்கூட்டியே குறிச்சு வைக்கிற பழக்கம் அதுக்கு இல்ல. எழுதிட்டு இருக்கறப்ப கரண்டு போனா எந்த எடத்துல நின்னோம்னு அதுக்கு தெரியாது. ஐப்பசி கார்த்திகைல நம்ம ஊர்ல கரண்டு எப்படி போகும் வரும்னு உங்களுக்கே தெரியும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப், எக்ஸ்ஃபேட் டிஸ்க், மழைக்காலம், இந்த மூணும் சேரவே கூடாது.

இந்த இடத்துல ரெண்டு பேரு ரெண்டு வைத்தியம் சொல்லுவாங்க. ஒண்ணு, விண்டோஸ்லயே இருக்குற செக்டிஸ்க்ங்கற ரிப்பேர் புரோகிராம ஓட்டுங்கறது. அது ரிப்பேர் பண்றேன்னு டிஸ்க்குக்கு மேலயே எழுதும், துண்டு துண்டா கெடக்குறத தன் இஷ்டத்துக்கு ஒட்டும், ஒரே காப்பி இருக்கறப்ப அத ஓட்டக்கூடாது. இன்னொண்ணு, குயிக் ஃபார்மேட் பண்ணிட்டு ரெக்கவர் பண்ணிக்கலாம்ங்கறது. குயிக் ஃபார்மேட் அட்டவணைய மட்டும் தான் புதுசாக்கும், உள்ளடக்கம் பெரும்பாலும் இருக்கும், உண்மை தான், ஆனா அந்த குயிக்குங்கற டிக்க எடுத்துட்டு முழு ஃபார்மேட் குடுத்துட்டா விஸ்டாலேர்ந்து வந்த விண்டோஸ் எல்லாம் டிஸ்க் பூரா சைபரா எழுதிடும், அதுக்கு மேல ஆண்டவனே வந்தாலும் ஒண்ணும் கெடைக்காது. எதுக்கு அந்த விளிம்புல போயி நிக்கணும்.

நான் மொதல்ல பாத்தது டிஸ்க்கோட ஒடம்பு எப்படி இருக்குன்னு. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, டிஸ்க் தன்னப் பத்தி தானே குறிச்சு வச்சிருக்கற கணக்க எடுத்து காட்டும். ரீஅலோகேட்டட் செக்டார்னு ஒண்ணு, கெட்டுப் போயி மாத்து எடத்துக்கு அனுப்புன பகுதிகள். கரன்ட் பெண்டிங் செக்டார்னு இன்னொண்ணு, படிக்க முடியாம தவிக்கிற பகுதிகள். மாமா டிஸ்க்குல மஞ்ச கலர்ல காஷன்னு வந்து பெண்டிங்ல சில செக்டார் இருந்துச்சு. அட்டவணை மட்டும் இல்லாம டிஸ்க்கும் கொஞ்சம் தளர ஆரம்பிச்சுருக்கு. அப்ப அது மேல ரெக்கவரி சாஃப்ட்வேர் மாத்தி மாத்தி ஓட்டி அலைக்கழிக்கக்கூடாது, ஒரே தடவ மொத்தத்தையும் அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு அச்சு எடுத்துட்டு, அந்த அச்சுல தான் வைத்தியம் பாக்கணும்.

அதுக்கு உபுண்டு பென் டிரைவ்ல லேப்டாப்ப பூட் பண்ணி டிடிரெஸ்க்யூன்னு அச்சு எடுக்குற புரோகிராம் போட்டேன். இந்த ஒரு புரோகிராம எழுதுனவங்களுக்கு கோடி புண்ணியம். அது மொதல்ல நல்லா இருக்குற பகுதிய எல்லாம் வேகமா எடுத்துட்டு, முரண்டு புடிக்கிற எடத்த குறிச்சு வச்சுட்டு தாண்டிப் போயிடும், எல்லாம் முடிஞ்ச பெறகு தான் திரும்பி வந்து அந்த கெட்ட எடத்துல பொறுமையா முட்டும். எது வரைக்கும் எடுத்தோம்னு ஒரு மேப் ஃபைல் எழுதிக்கிட்டே இருக்கும், நடுவுல நின்னா விட்ட எடத்துலேர்ந்து தொடரும். ஒண்ணே ஒண்ணு, எந்த டிஸ்க்குலேர்ந்து எந்த டிஸ்க்குக்குன்னு மாத்தி குடுத்துட்டா நல்லத கெடுத்துடும், அதனால அளவ வச்சு மூணு தடவ பாத்துட்டு தான் என்டர் தட்டணும், நான் மாமாவயும் ஒரு தடவ பாக்க சொன்னேன்.

யூஎஸ்பி 3ல 1 டிபிக்கு மூணு மணி நேரம் ஆகும்னு கணக்கு, யூஎஸ்பி 2ன்னா எட்டு ஒம்போது மணி நேரம். அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு கரண்டு போச்சு. லேப்டாப்ல பேட்டரி கெடையா கெடக்குது, கெட்ட எடத்துல முட்டிக்கிட்டு இருந்ததால மெதுவா தான் போகுது. நிறுத்தி வச்சுட்டு, மேப் ஃபைல் பத்திரமா இருக்குன்னு பாத்துட்டு, காலைல கரண்டு வந்தோன்ன தொடர்ந்தேன். மாமா ராத்திரி பூரா திண்ணைலயே தான் இருந்தாரு. திங்கக்கெழம மத்தியானம் முடிஞ்சப்ப 1 டிபில சில நூறு கேபி மட்டும் தான் படிக்கவே முடியாம போயிருந்துச்சு.

அச்சு எடுத்ததுல டெஸ்ட்டிஸ்க்ங்கற ரெக்கவரி புரோகிராம் போட்டு பாத்தேன், பழைய ஃபோல்டர்ல கொஞ்சம் பேரோட வந்துச்சு, பட்டா, பத்திரம் ஸ்கேன் எல்லாம் அதுலயே கெடச்சுடுச்சு. மீதிக்கு ஃபோட்டோரெக்ங்கற இன்னொரு புரோகிராம். அது அட்டவணையவே பாக்காது, டிஸ்க் பூரா பைட் பைட்டா நடந்து போயி, ஜேபெக் போட்டோ எல்லாம் ஒரே மாதிரி தான் ஆரம்பிக்கும்ல, எஃப்எஃப் டி8னு, அந்த அடையாளத்த பாத்து பாத்து பொறுக்கி எடுக்கும். பெரிய வீடியோ துண்டு துண்டா கெடந்தா அதுக்கு கஷ்டம், மாமாவோட நாலு அறுப்பு வீடியோ ஓடல. போட்டோ 3,800 சொச்சம் வந்துச்சு. ஆனா பேர் கெடையாது. எஃப் போட்டு ஏதோ ஏழு எட்டு நம்பர், அவ்ளோ தான் ஒவ்வொண்ணுக்கும். எந்த போட்டோ எந்த நெல்லுன்னு எதுவும் இல்ல.

பென் டிரைவ் பத்தியும் சுருக்கமா சொல்லிடறேன், எல்லாரும் கேப்பீங்க. ஜெராக்ஸ் கடைல, பிரவுசிங் சென்டர்ல போட்டுட்டு வந்த பென் டிரைவ்ல ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறி இருந்தா ஃபைல் அழியல, வைரஸ் அத ஒளிச்சு வச்சிருக்கு. அந்த ஷார்ட்கட்ட கிளிக் பண்ணாம, ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல போயி ஒளிஞ்சத காட்டுற டிக்க போட்டு, சிஸ்டம் ஃபைல மறைக்கிற டிக்க எடுத்தா எல்லாம் மங்கலா தெரியும், காப்பி பண்ணிக்கிட்டு பென் டிரைவ ஃபார்மேட் பண்ணுங்க, இந்த ஒரு எடத்துல ஃபார்மேட் சரி. டிரைவ் எழுத்து வருது, திறந்தா டிஸ்க்க உள்ள போடுன்னு கேக்குது, டிஸ்க் மேனேஜ்மென்ட்ல நோ மீடியான்னு இருக்குன்னா உள்ள இருக்கற கன்ட்ரோலர், அதாவது அத இயக்குற சிப்பு, போயிடுச்சுன்னு வச்சுக்கலாம், அதுக்கு வீட்ல வைத்தியம் இல்ல. கொள்ளை மலிவா 1 டிபி, 2 டிபின்னு விக்கிற பென் டிரைவ் பெரும்பாலும் போலி, உள்ள 16 ஜிபியோ 32 ஜிபியோ தான் இருக்கும், அதுக்கு மேல எழுதுறது எல்லாம் காத்துல போகும், எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு சின்ன புரோகிராம் ஓட்டுனா குட்டு வெளிப்படும். கேமரா கார்டு எழுத மாட்டேங்குதுன்னா அந்த அடாப்டர் ஓரத்துல இருக்கற சின்ன லாக்க மொதல்ல பாருங்க.

திரும்ப மாமாகிட்ட வரேன். பேர் இல்லாத 3,800 போட்டோவ எப்படி பிரிக்கறதுன்னு நான் தலைல கை வச்சுட்டு உக்காந்துருந்தேன். மாமா நாற்காலிய இழுத்து போட்டு பக்கத்துல உக்காந்து "ஒண்ணொண்ணா காட்டும்மா"ன்னாரு. போட்டோ எடுத்த தேதி ஃபைலுக்குள்ளயே இருக்கும், அது தொலையல, அத வச்சு வருஷ வாரியா அடுக்கிட்டேன். அப்பறம் அவரு சொல்லச் சொல்ல நான் ஃபோல்டர்ல போட்டுக்கிட்டே வந்தேன். "ஆவணில கதிர் முத்தி நிக்குது பாரு, அது குறுவைக்கு போட்ட பூங்கார்." "இது காட்டுயானம், நம்ம தம்பி தலை தெரியுதா பாரு, ஆள் ஒசரத்துக்கு மேல நிக்குது." "இது மாப்பிள்ளை சம்பா, அந்த வருஷம் மழைல தண்ணி நின்னு வடிஞ்ச பெறகு எடுத்தது, சாயவே இல்ல." கதிர் தொங்குற வாட்டம், இலையோட அகலம், பின்னாடி தெரியுற தென்னமரம் வச்சு எந்த வயலுன்னு கூட சொன்னாரு. அத்தை நடுவுல வந்து "அது தூயமல்லி இல்ல, சீரக சம்பா, நான் தான் அன்னைக்கு கருக்கருவா எடுத்துட்டு வந்தேன்"ன்னு திருத்துச்சு, மாமா உத்துப் பாத்துட்டு "ஆமா"ன்னாரு. மூணு ஞாயித்துக்கெழம ஆச்சு.

நோட்டுல எழுதுனதுல அவருக்கு ஞாபகம் இருந்தத எல்லாம் அப்பவே கேட்டு ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒரு ஃபைல்ல டைப் பண்ணி போட்டுட்டேன். இப்ப மூணு எடத்துல இருக்கு, மாமா வீட்ல ஒரு டிஸ்க், என்டிஎஃப்எஸ்ல, எங்க வீட்ல மன்னார்குடில ஒண்ணு, பெங்களூர்ல அவங்க பையன்கிட்ட ஒண்ணு. ரெண்டு கிலோ வெதநெல்லு நாலு வீட்டுக்கு போற மாதிரி தான்னு மாமாவே சொன்னாரு, ஒரு வீட்ல வெள்ளம் வந்தா இன்னொரு வீட்ல இருக்கும்னு. பழைய டிஸ்க்க தூக்கிப் போடல, எழுதுறதுக்கு இல்ல, சும்மா பீரோல வச்சிருக்காரு. கம்ப்யூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் வாங்கியாச்சு.

11 போட்டோ மட்டும் அவருக்கும் அத்தைக்கும் பிடிபடல. ஆத்தூர் கிச்சிலிங்கறாரு, கொஞ்ச நேரம் கழிச்சு தங்கச் சம்பாவா இருக்குமோங்கறாரு. "தெரியல"ன்னே ஒரு ஃபோல்டர் போட்டு அதுல வச்சிருக்கோம். இந்த போகம் ரெண்டையுமே அடுத்தடுத்து பாத்தில போட்டுருக்காரு, தைல கதிர் வாங்குனோன்ன கையில ஒடிச்சுட்டு வந்து ஸ்கிரீன்கிட்ட வச்சு பாக்கணும்னு சொல்லிருக்காரு.